தோல் தொழிற்சாலையின் இசைவாணை, நீர் ஆய்வறிக்கை, பழைய இழப்பீட்டுப் பட்டியல்: எங்கே, எப்படிக் கேட்டுப் பெறுவது?

மேல்பட்டி விவசாயி:

அனைவருக்கும் வணக்கம். பேரணாம்பட்டு வட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டேகால் ஏக்கர் நிலமும் ஒரு பழைய கிணறும் இருக்கின்றன. தாத்தா காலத்தில் நெல்லும் கரும்பும் விளைந்த நிலம் இப்போது தென்னையைக்கூடச் சரியாகத் தாங்கவில்லை. நீர் பாய்ந்து காய்ந்த பிறகு வாய்க்காலின் இரு ஓரங்களிலும் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கிறது, மாடுகள் தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. கிணற்றுக்கு மேற்கே சற்றுத் தொலைவில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலை பல்லாண்டுகளாக இயங்குகிறது. கெடுதல் அங்கிருந்துதான் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்தேன்.

மனுவில் மூன்று கேள்விகள் வைத்திருந்தேன். எங்கள் கிணற்று நீர் ஏன் கெட்டது, அதற்கு யார் பொறுப்பு, அந்தத் தொழிற்சாலை விதிகளை ஒழுங்காகப் பின்பற்றுகிறதா என்பவை அவை. முதல் இரண்டும் கருத்துக் கேட்பதாக அமைந்திருப்பதால் தகவல் என்ற வரையறைக்குள் வராது என்றும், மூன்றாவது மூன்றாம் தரப்பினரின் வணிக ரகசியம் சார்ந்தது என்றும் நான்கு வரியில் பதில் வந்தது.

இதோடு சேர்ந்த இன்னொரு செய்தியும் உண்டு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் இழப்பீடு பெறுவோர் பட்டியல் ஒன்றைத் தயாரித்ததாகவும், அதில் எங்கள் தாத்தாவின் பெயர் இருந்ததாகவும் ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்கள். பட்டியலின் நகலைக் கேட்டு வேறோர் அலுவலகத்துக்கு எழுதினேன். மாவட்டம் பிரிந்த பிறகு அந்தக் கோப்பு இங்கில்லை என்று பதில் அளித்துவிட்டார்கள். எங்கிருக்கிறது என்று சொல்லவில்லை.

அடுத்து நான் என்ன செய்வது? மேல்முறையீடு செய்வதா, புதிய மனுவை வேறு விதமாக எழுதுவதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:

ஐயா, இரண்டையும் செய்யலாம். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடத் தேவையில்லை. ஆனால் முதலில் அந்தப் பதிலின் எந்தப் பகுதி சட்டப்படி நிற்கும், எந்தப் பகுதி நிற்காது என்பதைப் பிரித்துக்கொள்வோம்.

கருத்துக் கேட்பு என்று முதல் இரண்டு கேள்விகளை ஒதுக்கியது, கடுமையாகத் தோன்றினாலும், சட்டப்படி சரியானதே. அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் இச்சட்டத்தின் கீழ் பெற முடியும் என்றும், இல்லாத தகவலை உருவாக்கித் தரவோ, கருத்தோ விளக்கமோ எழுதித் தரவோ பொதுத் தகவல் அலுவலருக்குக் கடமை இல்லை என்றும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்திவிட்டது. ஏன், யார் பொறுப்பு என்று தொடங்கும் எந்த வரியும் மறுப்பை வரவழைக்கும். அதே விவரத்தை ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர்களுக்கு மறுக்க வழி குறைவு.

மூன்றாவது கேள்விக்கு வந்த மறுப்பு வேறு வகையானது. அதை நீங்கள் விட்டுவிடக் கூடாது. நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 1974இன் 25ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். கழிவுநீரை வெளியேற்ற எந்தெந்த நிபந்தனைகளோடு இசைவு வழங்கப்பட்டது என்பதற்கு மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஒரு பதிவேடு பராமரிக்க வேண்டும் என்றும், அந்தக் கழிவுநீர்ப் போக்கிலோ நிலத்திலோ அக்கறை கொண்டவர் அல்லது அதனால் பாதிக்கப்பட்டவர் எவரும் நியாயமான வேளைகளில் அதைப் பார்வையிடலாம் என்றும் அது சொல்கிறது. காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981இன் 51ஆம் பிரிவிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. தகவல் பெறும் உரிமைச் சட்டம் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நாடாளுமன்றம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைத்த ஒரு பதிவேட்டை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி மூடுவது எப்படிப் பொருந்தும் என்று நீங்கள் மேல்முறையீட்டில் தாராளமாகக் கேட்கலாம். இந்தப் பிரிவை வழக்கறிஞர்களிலேயே பலர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

வணிக ரகசியம் என்ற காரணத்தைப் பார்ப்போம். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு பாதுகாப்பது தொழில் ரகசியத்தையும், அறிவுசார் சொத்தையும், வெளியானால் போட்டியில் பாதிப்பு வரக்கூடிய வணிகத் தகவலையும் மட்டுமே. தோலுக்குச் சாயம் ஏற்றும் கலவையின் விகிதம் ரகசியமாக இருக்கலாம். நாளொன்றுக்கு எத்தனை கிலோ லிட்டர் கழிவுநீர் எங்கே போகிறது என்பது ரகசியமாக இருக்க முடியாது. இசைவாணை என்பது தொழிற்சாலை கழிவுநீரை வெளியேற்ற அனுமதித்து வாரியமே பிறப்பித்த ஆணை. வாரியத்தின் பொறியாளர் தாமே எடுத்த மாதிரியின் ஆய்வறிக்கையும் வாரியத்தின் ஆவணம்தான். மூன்றாம் தரப்பினரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற 11ஆம் பிரிவு, அந்தத் தரப்பினரைப் பற்றியதாகவோ அவர்கள் கொடுத்ததாகவோ இருந்து, அவர்களே ரகசியமாகக் கருதிய தகவலுக்குத்தான் பொருந்தும். அப்படிப் பொருந்தினாலும் அவர்களுக்கு அறிவிப்பு அனுப்பி, பதில் அளிக்கப் பத்து நாள் கொடுத்து, அதன் பிறகு அலுவலர் தாமே முடிவெடுக்க வேண்டும். அவர்கள் ஆட்சேபித்தார்கள் என்பது மட்டுமே மறுப்புக்குக் காரணம் ஆகிவிடாது.

இன்னொன்றையும் மனதில் கொள்ளுங்கள். தனியார் நிறுவனத்தைப் பற்றிய தகவலாக இருந்தாலும், வேறொரு சட்டத்தின் கீழ் அரசு அலுவலகம் அதைக் கேட்டுப் பெற முடியும் என்றால் அதுவும் 2(எஃப்) பிரிவின்படி தகவல்தான். தொழிற்சாலை ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் தாக்கல் செய்ய வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கையும், அபாயகரமான கழிவுகள் பற்றி ஜூன் 30க்குள் தர வேண்டிய ஆண்டறிக்கையும் இந்த வகையில் உங்களுக்குக் கிடைக்கும்.

ஆகவே புதிய மனுவில் கேள்விக்குறியே இல்லாமல், இன்ன புல எண்ணில் இயங்கும் இன்ன தொழிற்சாலைக்கு நீர்ச் சட்டத்தின் கீழ் இப்போது நடப்பிலுள்ள இசைவாணையின் சான்றொப்பமிட்ட நகல், கடந்த 3 ஆண்டுகளில் வாரியம் எடுத்த கழிவுநீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல்கள், அதே காலத்தில் அனுப்பப்பட்ட விளக்கம் கேட்கும் அறிவிப்புகளும் அவற்றுக்கு வந்த பதில்களும், 25(6) பிரிவின் பதிவேட்டை நேரில் பார்வையிட ஒரு நாள் என்று எழுதுங்கள். மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை என 6(2) பிரிவு கூறுகிறது. ஆனால் பதிவேட்டைப் பார்க்கும் கோரிக்கையில் மட்டும் நீங்கள் பாதிக்கப்பட்டவர் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், ஏனெனில் நீர்ச் சட்டத்தின் உரிமை அந்தத் தகுதியைச் சார்ந்தது.

முதல் மேல்முறையீட்டுக்குப் பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் கெடு. மறுப்பு நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு 19(5) பிரிவின்படி அலுவலருடையது, உங்களுடையது அல்ல. உங்களுக்கு வந்த நான்கு வரிப் பதிலில் மேல்முறையீட்டு அலுவலரின் விவரமும் கெடுவும் குறிப்பிடப்படவில்லை என்றால் அதுவே 7(8) பிரிவுக்கு முரணானது. அதையும் மேல்முறையீட்டில் ஒரு காரணமாகச் சேருங்கள்.

வருவாய்த்துறை ஓய்வு:

வழக்கறிஞர் ஐயா இசைவாணையைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிட்டார். நான் இழப்பீட்டுப் பட்டியலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி பதிவறையோடுதான் கழிந்தது.

முதலில் பின்னணி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பதும், முன்னெச்சரிக்கையோடு செயல்பட வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நம் பக்கத்துத் தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்துதான் சூழல் இழப்பீட்டு ஆணையம் அமைந்தது. அது கிராம வாரியாக நிலத்தை மதிப்பிட்டு 2001 மார்ச்சில் தன் ஆணையை வழங்கியது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இனி கோப்பைத் தேடும் வழி. 1996இல் நம் மாவட்டத்தின் பெயர் வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம். பேரணாம்பட்டு அப்போது தனி வட்டமாக இல்லை, குடியாத்தம் வட்டத்துக்குள் இருந்தது. எனவே வேலூர் மாவட்டம், பேரணாம்பட்டு வட்டம் என்று எழுதி அந்தக் காலத்துக் கோப்பைக் கேட்டால், பதிவேட்டைத் திறக்காமலேயே அப்படி ஒரு கோப்பு இல்லை என்று எழுதிவிடுவதற்கு எளிது. பொய் சொன்னதாகவும் ஆகாது. குடியாத்தம் வட்டம், இன்ன வருவாய்க் கிராமம், பழைய புல எண் இன்னது என்று கேளுங்கள். உங்கள் நிலம் பிறகு உட்பிரிவு ஆகியிருந்தால் இன்றைய எண்ணை மட்டும் கொடுத்துப் பயனில்லை. உட்பிரிவுக்கு முந்தைய தாய்ப் புல எண்ணைக் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டிலிருந்தும் தாத்தாவின் பழைய பட்டாவிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாவட்டப் பிரிப்பு. 2019இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும், ஆற்காடும் வாலாஜாவும் இராணிப்பேட்டைக்கும் போயின. உங்கள் வட்டம் வேலூரிலேயே தங்கிவிட்டது. அப்படியிருக்க, பிரிப்பினால் உங்கள் ஊர்க் கோப்பு இடம் மாறியது என்ற பதில் எனக்கு விளங்கவில்லை. மாவட்டம் முழுவதற்கும் பொதுவான கோப்பாக இருந்து, அதை வேறு மாவட்டத்துக்குக் கொடுத்திருக்கவும் கூடும். அப்படிக் கொடுத்திருந்தால் ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு அலுவலகம் கோப்பை இன்னொன்றுக்குத் தரும்போது எண், பொருள், பக்க எண்ணிக்கை எழுதிக் கையொப்பம் வாங்காமல் தருவதில்லை. ஆகவே கோப்பைக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். இந்தப் பொருள் தொடர்பாகப் புதிய மாவட்டங்களுக்கு ஒப்படைக்கப்பட்ட கோப்புகளின் பட்டியல் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இன்னொரு வாய்ப்பையும் சொல்ல வேண்டும். வருவாய்த்துறையில் முடிந்த கோப்புகளை வகை பிரித்துக் கட்டி வைப்பார்கள். ஆர்.டிஸ் என்று முடிக்கப்பட்டது நிரந்தரமாக இருக்கும். டி.டிஸ் என்றால் 10 ஆண்டு கழித்து அழிக்கலாம். இழப்பீட்டுக் கோப்பை யாராவது டி.டிஸ் என்று கட்டியிருந்தால் அது இன்று இல்லாமலும் போயிருக்கலாம். அப்படியானால் அழிப்புப் பதிவேட்டில் அதன் எண்ணும் தேதியும் அழிக்க உத்தரவிட்டவரின் பதவியும் இருக்கும். அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். கோப்பு இங்கில்லை என்ற சொல்லுக்கும், இந்தத் தேதியில் இன்னார் உத்தரவின்படி அழிக்கப்பட்டது என்ற சொல்லுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவதை எழுதித் தர எந்த எழுத்தரும் தயங்குவார், எழுதித் தருவதற்கு முன்பு பதிவறைக்குள் ஒருமுறை நுழைந்து தேடுவார்.

தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் உங்களைத் திருப்பி அனுப்புவதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை. 6(3) பிரிவின்படி மனுவை 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, மாற்றிய செய்தியை உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். இதை மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

பட்டியல் முழுவதையும் கேட்காதீர்கள் என்றும் ஒரு யோசனை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி எழுதிவிட்டது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே பொதுநலன் என்ற வாசல் இருந்தது, இப்போது தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்று ஆகிவிட்டது. நூற்றுக்கணக்கான பேரின் பெயரும் தொகையும் உள்ள பட்டியலைக் கேட்டால் அந்தக் காரணம் வரும். பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, ஆனால் அதை வாதாடித்தான் பெற வேண்டும். உங்கள் தாத்தாவின் பெயரும் புல எண்ணும் உள்ள பக்கத்தை மட்டும், வாரிசுச் சான்றின் நகலோடு கேட்டால் இந்தச் சிக்கல் எழாது.

ஆம்பூர் வாசி:

மேலே எழுதிய இருவரின் அனுபவத்தையும் மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. மனு, முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு, அங்கே விசாரணைக்கு வரிசை என்று போனால் தென்னை பட்டுப்போன பிறகுதான் தாள் கைக்கு வரும். மனுச் செய்யாமலே கிடைக்கக்கூடியவற்றை முதலில் கையில் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தொழிற்சாலையின் வாசலுக்கு முதலில் போய்ப் பாருங்கள். அபாயகரமான கழிவுகளைக் கையாளும் ஒவ்வொரு தொழிற்சாலையும், எந்த இரசாயனத்தை எவ்வளவு கையாள்கிறது, கழிவுநீரும் புகையும் திடக்கழிவும் எவ்வளவு என்பதை முதன்மை வாயிலுக்கு வெளியே பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2003இலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பலகை பல இடங்களில் இருக்கிறது. வெயிலில் எழுத்து வெளுத்துப் போய், தேதிக் கட்டம் காலியாக, முன்னால் ஒரு லாரி நின்றுகொண்டிருக்கும். அதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காலியாக இருக்கும் கட்டமும் ஒரு தகவல்தான்.

அந்தத் தொழிற்சாலையோ அதன் கழிவுநீரைப் பெறும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் அனுமதி வாங்கியிருந்தால் வேலை இன்னும் எளிது. ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1க்கும் டிசம்பர் 1க்கும் அவர்கள் தர வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கைகள் பொது ஆவணங்கள் என்றும், விண்ணப்பித்த எவருக்கும் நகல் தர வேண்டும் என்றும் அறிவிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பழைய தொழிற்சாலைகள் பலவற்றுக்கு இந்த அனுமதி தேவைப்பட்டிருக்காது. விரிவாக்கம் செய்தவை, சுத்திகரிப்பு நிலையங்கள் ஆகியவற்றுக்குத் தேடிப் பாருங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பெயரையோ மாவட்டத்தையோ கொடுத்துத் தேடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கையில் உங்கள் எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திக் கிணற்று நீரைப் பரிசோதித்து வைத்துக்கொள்ளுங்கள். கரைந்த உப்புகளின் மொத்த அளவு, குளோரைடு, சோடியம் ஆகியவற்றோடு, தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம், குரோமியம் 0.05க்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. இந்த எண் கையில் இல்லாமல் இசைவாணையின் நகலை வைத்துக்கொண்டு எதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

குரோமியம் இல்லை என்று வந்தாலும் மனம் தளர வேண்டாம் என்று ஒரு வார்த்தை. நம் பகுதியில் கிணறுகளை முதலில் கெடுப்பது உப்பு. பச்சைத் தோல் கெட்டுப்போகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது. அதைத் தொட்டியில் ஊறவைத்த முதல் நீரில் அந்த உப்பின் பெரும்பகுதி இறங்கிவிடும். நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரித்தால் நாற்றமும் அழுக்கும் போகுமே தவிர உப்புப் போகாது. அதைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) வடிகட்டியும் ஆவியாக்கும் கலன்களும் வேண்டும், அவற்றுக்கு மின்சாரச் செலவு மிக அதிகம். ஆகவே ஆய்வறிக்கை கேட்கும்போது கரைந்த உப்பின் அளவுள்ள அறிக்கையைக் குறிப்பாகக் கேளுங்கள். தொழிற்சாலை வெளியேற்றும் நீரில் அதற்கான வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். எந்த வேளையில், எந்தக் குழாய் முனையில் மாதிரி எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். சுத்திகரித்த நீரின் முனையில் பகல் பதினொரு மணிக்கு எடுத்த மாதிரி நள்ளிரவில் வாய்க்காலில் என்ன ஓடியது என்பதைச் சொல்லாது.

தகவல் கையில் இருந்தாலே காரியம் நடந்துவிடும் என்ற நம்பிக்கையும் எனக்குக் குறைவு. இராணிப்பேட்டையில் 1995 வாக்கில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் திறந்தவெளியில் குவிந்து கிடப்பது அரசுக்கும் நீதிமன்றங்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்திதான். அங்கே தகவலுக்குப் பஞ்சமே இல்லை.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:

ஆம்பூர் நண்பர் கூறும் பலகையும் ஆய்வக எண்ணும் கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தகவல் பயனற்றது என்ற இடத்தில் உடன்பட முடியவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். எந்தத் தொட்டிக்கு இசைவு இருந்தது, எதற்கு இல்லை என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எல்லோராலும் கேட்கப்பட்டது. அந்த விவரம் விபத்துக்கு முந்தின நாளும் ஏதோ ஒரு கோப்பில்தான் இருந்திருக்கும், கேட்பவர்தான் இல்லை.

நடைமுறைப் பயனும் உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் இழப்பீடு கேட்டால் 15ஆம் பிரிவின்படி 5 ஆண்டுக் கெடு. மற்றச் சூழல் தகராறுகளுக்கு 14ஆம் பிரிவின்படி 6 மாதம், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அங்கே உங்கள் வாய்மொழியைவிட வாரியம் சான்றொப்பமிட்டுக் கொடுத்த அறிக்கைக்கு மதிப்பு அதிகம். பழைய இழப்பீட்டு விவகாரமும் முடிந்த கதை அல்ல. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டை அரசு வழங்கிவிட்டு அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் ஆணையிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது. தீர்ப்பின் முழு வாசகம் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய பட்டியலில் தாத்தா பெயர் இருப்பதற்கான ஒரு தாள் இன்று பணமதிப்புள்ள தாள் என்பதை நினைவில் வையுங்கள்.

வழக்குச் செலவைப் பற்றிக் கவலை இருந்தால் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞரை நியமித்துத் தருவார்கள். நிலம் உங்கள் தாயார் பெயரில் இருந்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பியுங்கள்.

மேல்பட்டி விவசாயி:

விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நிலம் இப்போது அம்மா பெயரில்தான் இருக்கிறது. மேல்முறையீட்டை இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன், கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆய்வகத்துக்குத் தண்ணீர் கொண்டு செல்ல எந்தக் கலத்தைப் பயன்படுத்துவது என்று நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

பதிவேட்டை நேரில் பார்ப்பதைப் பற்றித்தான் ஒரு சந்தேகம். இசைவாணைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும் என்று கேள்விப்படுகிறேன். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. என் மகள் வேதியியல் படித்தவள். அவளை உடன் அழைத்துப் போகலாமா? அங்கே எதைப் பார்க்க வேண்டும்?

வருவாய்த்துறை ஓய்வு:

தாராளமாக அழைத்துப் போங்கள். நீர்ச் சட்டத்தின் அதே 25(6) பிரிவு, பாதிக்கப்பட்டவர் அதிகாரம் அளித்த வேறு எவரும் பார்வையிடலாம் என்கிறது. அம்மா கையொப்பமிட்டு, என் சார்பில் பார்வையிட என் மகனுக்கும் பேத்திக்கும் அதிகாரம் அளிக்கிறேன் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, அடையாள அட்டை நகலோடு எடுத்துச் செல்லுங்கள். தகவல் சட்டத்தின் கீழ் பார்வையிட்டால் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் சிறு தொகை கேட்பார்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாள் கடந்தும் தகவல் தரவில்லை என்றால் நகலுக்கும் கட்டணம் வாங்கக் கூடாது.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. உள்ளே போனதும் முதல் பக்கத்தில் அனுமதிக்கப்பட்ட உற்பத்தி அளவு, அதாவது நாளுக்கோ மாதத்துக்கோ எத்தனை தோல் அல்லது எத்தனை டன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து கழிவுநீரின் அளவு, அது போய்ச் சேருமிடம் எது என்று எழுதியிருக்கும் கட்டம். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்று இருக்கிறதா, தொழிற்சாலைக்குள்ளேயே மறுபயன்பாடு என்று இருக்கிறதா, நிலத்தில் பாய்ச்சுவது என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு இசைவு எந்தத் தேதி வரை செல்லும் என்பது. காலாவதியாகிப் புதுப்பிப்புக்கு விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் அந்த விண்ணப்பத்தின் நகலையும் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன் அலுவலர் மேசையிலேயே, இன்ன தேதியில் இன்ன பதிவேட்டின் இந்தப் பக்கங்களைப் பார்வையிட்டேன், இந்தப் பக்கங்கள் காட்டப்படவில்லை என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கையொப்பமிட மறுத்தால் அதே வாசகத்தை அன்று மாலையே ஒப்புகை கிடைக்கும் அஞ்சலில் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.